கண்மாய்த் தண்ணீர் போன வழியில் மூன்று இரவுகள்

மதுரையில் கூடாரம் என்று பேச்செடுத்தாலே கேட்பவர்கள் மேற்கே கை காட்டுவார்கள். சிறுமலை, கொடைக்கானல், மேகமலை என்று குளிர்ந்த ஊர்களின் பெயர்கள் வரிசையாக வரும். சென்ற தை மாதம் பொங்கல் முடிந்த கையோடு நானும், ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளும், மானாமதுரையிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட என் மைத்துனரும் அதற்கு நேர் எதிராகக் கிழக்கே கிளம்பினோம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையால் நிரம்பிய கண்மாய்கள் வற்றத் தொடங்குவதற்குள், மேலூர்ப் பக்கத்து மலைகளில் தொடங்கி, பாக் விரிகுடாக் கரை வழியாகத் தனுஷ்கோடி வரை சென்று, முதுகுளத்தூர் வழியாகத் திரும்புவது என்பது திட்டம். நண்பரிடம் கடன் வாங்கிய கூடாரம், ஒரு தார்ப்பாய், இரண்டு ஜமுக்காளம், சிறிய எரிவாயு அடுப்பு, கேன்களில் குடிதண்ணீர், முதல் நாளுக்குக் கட்டுச்சோறு ஆகியவைதான் மூட்டை.

காட்டுக்குள் கூடாரம் போட்டுக் காலையில் கண் விழித்ததும் பறவைகளைப் பார்ப்பது என்று மகள் கனவு கண்டுகொண்டிருந்தாள். விசாரித்துப் பார்த்ததில் அந்தக் கனவு முதல் நாளே கலைந்தது. பறவைகள் சரணாலயங்களுக்குள் இரவு தங்க யாருக்கும் இடமில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளில் வனத்துறையின் அனுமதியில்லாமல் கால் வைக்கவே கூடாது. தனுஷ்கோடியிலிருந்து பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். ஆகவே மூன்று இரவும் ஊராரிடம் கேட்டு, அவர்களுடைய களத்திலும் தோப்பிலும்தான் படுத்தோம். பின்னால் யோசித்துப் பார்க்கையில், இந்தப் பகுதியில் அதைத் தவிர வேறு விதமாகப் போயிருந்தால் பாதியைத்தான் பார்த்திருப்போம் என்று தோன்றுகிறது. வனம் என்றால் மனிதர்கள் இல்லாத இடம் என்ற எண்ணத்தோடு வைகை நாட்டுக்குள் நுழைந்தால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே சரணாலயம் என்று பலகை நட்டிருக்கும் இடங்களில் பெரும்பாலானவை பாசனக் கண்மாய்கள். என்றோ யாரோ கரை எழுப்பி, மடை வைத்து, வரத்துக்கால் வெட்டிய நீர்நிலைகள்.

அரிட்டாபட்டியில் இரண்டு மணி நேரம்தான் இருந்தோம். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்று அரசின் கணக்கு சொல்கிறது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்து மேலூர் வட்டாரமே தெருவில் இறங்கியதும், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததும் மதுரைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கழிஞ்சமலையின் சமணர் குகையருகே நின்றுகொண்டு, லகுடு வல்லூறு என்ற வேட்டைப் பறவை கண்ணில் படுமா என்று அண்ணாந்து பார்த்திருந்தோம். மிக உயரத்தில் ஒரு பறவை வட்டமிட்டது. அது வல்லூறுதான் என்று நானும், சாதாரணப் பருந்து என்று மைத்துனரும் வாதிட்டோம். பறவை எங்கள் வாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. ஆனால் அந்த உச்சியிலிருந்து கீழே பார்த்தபோது விளங்கிய ஒன்று பயணம் முழுவதும் கூடவே வந்தது. மொட்டைப் பாறையில் விழும் மழை ஒரு சொட்டுக்கூட உள்ளிறங்காமல் வழிந்து, அடிவாரத்துக் கண்மாயில் சேர்கிறது. அது நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. சிவனுக்கு நஞ்சைத் தந்த கடலுக்கு நீர் தரமாட்டேன் என்று வைகை வழியிலேயே நின்றுவிட்டதாக ஒரு பழம்பாடல் பெருமையாகச் சொல்லும். ஆற்றை மறித்தவர்கள் கண்மாய் வெட்டிய நம் முன்னோர்கள்தான் என்பது அதன் நடைமுறைப் பொருள்.

மேலூரிலிருந்து திருப்பத்தூர்ச் சாலையில் போனால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் வரும். சிவகங்கை மாவட்டத்தில், 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மூன்று கண்மாய்கள் அவை. மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க் கரையில் நின்றபோது, வீட்டுக் கூரைகளுக்கும் கூடுகளுக்கும் இடையே இருந்த தூரம் எங்களைத் திகைக்க வைத்தது. கருவேல மரங்களின் உச்சியில் நத்தைகுத்தி நாரைகளும் வெள்ளை அரிவாள் மூக்கன்களும் நீர்க்காகங்களும் தட்டுத் தட்டாகக் கூடு வைத்திருக்க, கரையின் இந்தப் பக்கம் ஒருவர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். இவ்வூர்க்காரர்கள் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பதை ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாளில் படிக்கிறோம். வனத்துறையினர் இனிப்புக் கொடுத்து அவர்களைப் பாராட்டுவதும் வழக்கம். களத்தில் கூடாரம் போட்டுக்கொள்ள எங்களுக்கு இடம் தந்த வீட்டுப் பாட்டியிடம் என் மகள் இதைப் பற்றிக் கேட்டாள்.

“வெடி இல்லாம உங்களுக்குக் கஷ்டமா இல்லையா பாட்டி?”

“பச்சப் புள்ள தூங்குற வீட்டுல யாராவது வெடி போடுவாங்களா தாயி? அங்க மரம் பூராம் புள்ளைகதான்” என்று சொல்லிவிட்டு, பொங்கலுக்கு வாங்கியதில் மீந்திருந்த கரும்பை எங்களுக்கு ஒடித்துக் கொடுத்தார்.

பிள்ளைகள் தூங்கியதாகத் தெரியவில்லை. இரவு முழுக்க அந்த மரங்களிலிருந்து குஞ்சுகளின் கத்தலும், அலகோடு அலகு தட்டும் ஓசையும், இரை தேடிக் கிளம்பும் வக்காக்களின் ஒற்றைக் குரலும் கேட்டபடியே இருந்தன. நத்தைகுத்தி நாரையின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையின் ஓட்டைப் பற்றி உள்ளிருக்கும் சதையை உருவியெடுக்க ஏற்ற அமைப்பு அது. வயலிலும் வாய்க்காலிலும் நத்தை இருக்கும்வரைதான் இந்த ஊருக்கு இப்பறவை வரும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மகள் பாதியிலேயே உறங்கிப்போனாள்.

மறுநாள் காரைக்குடி, தேவகோட்டை வழியாகத் தொண்டிக்குப் போய், அங்கிருந்து தெற்கே இறங்கினோம். இரண்டாவது இரவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நாங்கள் செய்த தவறு முழுக்க எங்களுடையது. கடற்கரை என்றால் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான் என்று உள்நாட்டுக்காரர்களான நாங்கள் நினைத்திருந்தோம். காரங்காட்டுக்கு அருகில், கரையோரத்துத் திறந்த மணலில், கடலைப் பார்த்தபடி கூடாரத்தைப் போட்டு, கூடவே வந்த இரும்பு முளைகளை அடித்து இறுக்கினோம். எட்டு மணிக்கு வாடைக் காற்று வலுத்தது. ஒன்பது மணிக்கு முளைகள் ஒவ்வொன்றாகப் பல் பிடுங்குவதைப் போல மணலிலிருந்து கழன்று வந்தன. கூடாரத்தின் ஒரு பக்கம் எழும்பி, உள்ளே இருந்த மகளோடு சேர்த்து ஒருமுறை உருண்டது. அவளுக்கு அடி ஏதும் இல்லை. சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குத்தான் கை நடுங்கியது.

சத்தம் கேட்டு டார்ச்சோடு வந்த மீனவர் ஒருவர் எங்கள் கோலத்தைப் பார்த்துச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மணல்ல முளை நிக்காது தம்பி. கட்டையப் படுக்க வச்சுப் புதைங்க” என்றார். ஒரு முழ நீளக் கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, கட்டையைக் காற்றுக்குக் குறுக்காகக் கிடத்தி மணலைப் போட்டு மிதித்துவிட்டால், இழுக்க இழுக்க அது மேலும் இறுகுமே தவிர வெளியே வராது. நான்கு கட்டைகளை அவரே தேடிக் கொடுத்து, கூடாரத்தையும் உடைமரப் புதர் ஒன்றின் மறைவுக்கு மாற்றிப் போடவைத்தார். வாடை வீசும் மாதங்களில் பாக் விரிகுடாப் பக்கம் கடல் எழும்பும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் இது அப்படியே மாறி, இந்தப் பக்கம் குளத்தைப் போல் ஆகிவிடும் என்று அவர் விளக்கினார். “நீங்க வந்த மாசம் சரி, படுத்த கடல்தான் தப்பு” என்று அவர் சொன்னதை மைத்துனர் இன்றுவரை வீட்டு விசேஷங்களில் சொல்லிச் சிரிக்கிறார்.

காலையில் காரங்காட்டில் படகேறினோம். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா அங்கே இருக்கிறது. மீன்பிடிப்பவர்களே படகோட்டி வழி காட்டுகிறார்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகு நுழைந்ததும் இரவெல்லாம் எங்களை அலைக்கழித்த காற்று சட்டென்று காணாமல் போயிற்று. மரங்களைச் சுற்றிலும் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் குச்சி குச்சியாக மூச்சு வேர்கள் நீட்டிக்கொண்டு நின்றன. சேற்றுக்குள் காற்று புகாது என்பதால் வேர்கள் மேலே வந்து சுவாசிக்கின்றன. படகோட்டி ஓர் இலையைத் திருப்பிக் காட்டி, நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார், உப்பு. வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளித்தள்ளும் மரம் அது. சேற்றில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள், யாரையோ கூப்பிடுவது போல அந்தக் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. ஆலாக்களும் கடற்காகங்களும் கழிமுகத்து மணல்திட்டில் ஒரே திசையில், காற்றுக்கு முகங்கொடுத்து உட்கார்ந்திருந்தன. பறவைகளுக்குத் தெரிந்தது நேற்றிரவு எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் படகோட்டி ஆவுளியாவைப் பற்றிப் பேசினார். நாம் புத்தகத்தில் கடல்பசு என்று படிக்கும் உயிருக்கு இக்கரைப் பெயர் அது. ஆழமில்லாத நீரில் விரிந்து கிடக்கும் கடற்புல்லை மேய்ந்து, மூச்சுவிட மட்டும் மேலே வரும் பாலூட்டி. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ புல் தின்னும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. தப்பித் தவறி வலையில் சிக்கினால் இப்போதெல்லாம் வலையை அறுத்தாவது விட்டுவிடுகிறோம் என்று அவர் சொன்னார். வலையின் விலை என்ன என்று மகள் கேட்டாள். அவர் சொன்ன தொகையைக் கேட்டபின் அவள் அடுத்த கேள்வி எதையும் கேட்கவில்லை.

அன்று பிற்பகல் தனுஷ்கோடி. 1964இன் புயலைப் பற்றி எழுதாமல் இந்த ஊரைக் கடக்கக் கூடாது என்று எழுதப்படாத விதி இருப்பது போலத் தெரிகிறது. அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்பதால் நான் பூநாரைகளிடம் போகிறேன். சாலையின் வடபுறம் தேங்கியிருந்த ஆழமற்ற உப்புநீரில், முதலில் வெள்ளைக் கோடாகத் தெரிந்து, பைனாகுலரில் பார்த்தபோது நூறு நூறு கால்களாகப் பிரிந்தன அவை. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, சேற்றுநீரை உறிஞ்சிச் சலித்துத் தின்னும் பறவை பூநாரை. உடலின் செந்நிறமும் அந்த உணவிலிருந்து வருவதுதான்; குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் பிறக்கின்றன. 2025 ஜூனில் இந்தப் பகுதி பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்குப் பிறகும் வேன்களிலிருந்து இறங்கி நீருக்குள் ஓடிப் பறவைகளை எழுப்பிப் படம் எடுக்கிறார்கள். பறந்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை எழும்போதும் அன்றைய தீனியில் ஒரு பங்கு வீணாகிறது என்பதை அந்தக் கூட்டத்தில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

கடற்கரையில் வனத்துறையின் ஆமைக் குஞ்சு பொரிப்பகம் ஒன்றையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் முட்டையிடும் காலம். நாய்களும் நரிகளும் தோண்டுவதற்கு முன், விடிவதற்குள் தடம் பார்த்து நடந்து முட்டைகளை எடுத்து வந்து, அதே ஆழத்தில் மீண்டும் புதைத்து, ஒவ்வொரு குழியிலும் குச்சி நட்டு நாளையும் எண்ணிக்கையையும் எழுதி வைக்கிறார்கள். ஒரு குச்சியில் 112 என்று இருந்தது. ஏறக்குறைய ஐம்பது நாளில் பொரிக்கும் அந்தக் குஞ்சுகளில் எவை ஆண், எவை பெண் என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது என்று சொன்னபோது, மகள் குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்றாவது இரவு பெரியபட்டினத்துத் தென்னந்தோப்பில், மன்னார் வளைகுடாப் பக்கம். மீனவர் சொன்னது அப்படியே பலித்தது; அலையோசைகூட இல்லை. சரியான கடலில் படுத்ததால் அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலையில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே சிதறிக் கிடக்கும் 21 தீவுகளில் ஒன்று பென்சில் கோடு போல அடிவானத்தில் தெரிந்தது. அவற்றில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் மூழ்கிவிட்டன. அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் 1986இல் தேசியப் பூங்காவாயிற்று. கரையில் பாசி எடுக்கும் பெண்கள் நால்வர் கடலுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். விரல் நுனிகளில் துணிக் கிழிசலைச் சுற்றிக் கட்டி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் கிள்ளி எடுப்பது அவர்கள் தொழில். பூங்கா என்று கோடு போட்டதால் அவர்களுடைய பாட்டிகள் போன இடத்துக்கு அவர்கள் போக முடிவதில்லை. பாசியை வேரோடு பிடுங்காமல், மாதத்தில் சில நாள் மட்டுமே எடுத்து, மீண்டும் வளரவிடும் பழக்கம் தங்களுக்கு இருக்கும்போது தங்களைத் திருடர்களைப் போல விரட்டுவது என்ன நியாயம் என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தீவுகளைக் காக்க வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. கொள்ளுக்குடிப்பட்டியில் ஊரையே காவலாக வைத்துக்கொண்ட அதே நாட்டில், கடலில் மட்டும் ஊரை வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்று பட்டது.

கடைசி நாள் முதுகுளத்தூர்ப் பக்கம் திரும்பினோம். வழியெங்கும் முண்டு மிளகாய் வயல்களும், சீமைக்கருவேலங் காடுகளும், அவற்றை வெட்டி அடுக்கி மண் பூசிப் புகையவிட்ட கரிமூட்டங்களும். இந்தக் கரம்பையின் நடுவே காஞ்சிரங்குளம், சித்திரங்குடி என்று இரண்டு பறவைக் கண்மாய்கள் அருகருகே இருக்கின்றன. இரண்டுமே 1989இல் சரணாலயங்களாகி, இப்போது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றவை. சித்திரங்குடியில் கரை மேல் ஏறியதும் நாங்கள் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். நீரில் இடுப்பளவு நின்ற நாட்டுக் கருவேல மரங்களில், ஒரு மரத்துக்குப் பத்துப் பதினைந்து கூடுகளாக, மஞ்சள்மூக்கு நாரைகள். கூட்டில் நின்ற தாய்ப்பறவை ஒன்று வெயிலுக்கு முதுகைக் காட்டிச் சிறகை அரைவாசி விரித்து, தன் நிழலைக் குஞ்சுகளின் மேல் விழும்படி பிடித்திருந்தது. இன்னொன்று எங்கிருந்தோ பறந்து வந்து, தொண்டையில் கொண்டுவந்த தண்ணீரைக் குஞ்சுகளின் மேல் ஒழுகவிட்டது. கூழைக்கடாக்கள் தாழப் பறந்து நீரில் சறுக்கி இறங்கின.

அங்கிருந்த வேட்டைத் தடுப்புக் காவலர், உள்ளூர்க்காரர். மரங்களின் அழகைப் பற்றி நான் பேச, அவர் மரங்களின் அடியைக் காட்டினார். பட்டையில் ஒரு கறை வரி இருந்தது. மார்கழியில் தண்ணீர் நின்ற மட்டம் அது. இப்போதைய நீர் அதற்கு ஒரு முழம் கீழே இருந்தது.

“மரம் தண்ணில நிக்கிற வரைக்கும்தான் சார் கூட்டுக்குக் காவல். வத்திருச்சுன்னா நரியும் நாயும் காட்டுப்பூனையும் அடிக்கு வந்துரும். அது மட்டுமில்ல, மீன் இல்லைன்னா தாய்ப்பறவையே குஞ்சை விட்டுட்டுப் போயிரும்.”

எத்தனை நாள் தண்ணீர் வேண்டும் என்று மகள் கேட்டாள். பங்குனி பிறக்கும்வரை கிடந்தால் பெரும்பாலும் எல்லாக் குஞ்சும் பறந்துவிடும் என்றார். கரையின் மறுபக்கம் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே மண்வெட்டியால் வாய்க்காலை அடைத்தார். எச்சம் கலந்த அந்தத் தண்ணீருக்கு உரம் தனியாகப் போட வேண்டாம் என்று அவர் சொல்லிக்கொண்டதில், பறவைகள் சீக்கிரம் போய்விட வேண்டும் என்ற எண்ணம் தெரியவில்லை. வரத்துக்காலில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டினால் அடுத்த மழைக்கு இன்னும் ஒரு முழம் கூடச் சேரும் என்பது அவருடைய கணக்கு.

பார்த்திபனூர் வழியாக இரவு மதுரைக்கு வந்தோம். காவலரின் எண்ணை மகள் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பங்குனி முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சொல்லித்தான் கூப்பிட்டேன். நடுவில் ஒருநாள் பெய்த கோடைத் தூறலால் மட்டம் அதிகம் இறங்கவில்லை என்றும், தண்ணீர் முழங்காலளவு கிடக்கிறது என்றும், கிழக்கோர மரத்தில் ஐந்து குஞ்சுகள் மட்டும் இன்னும் கூட்டு விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகிக்கொண்டிருக்கின்றன என்றும் சொன்னார். மகள் பேசியை வாங்கி, அந்த மரத்தின் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.